பினாங்கில், பிஸ்கட் டின்னுக்குள் என் போன்

ரத்த அழுத்தம் நூற்றறுபதைத் தொட்ட அன்று டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வைக்கிறீங்களா?" என்பதுதான். ஒரு கையில் பட்டையைச் சுற்றி அவர் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மறு கையால் நான் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சென்னைக் கம்பெனியில், அந்த மென்பொருள் படுத்துக்கொள்ளும்போதெல்லாம் திட்டு வாங்குவதற்கென்று ஒரு குழு உண்டு. அதற்கு நான் தலைவர். இருபத்து மூன்று வருடங்களாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஊழியர் மனநலத்துக்கென்று புதிதாக ஒரு துறை திறந்திருந்தார்கள். வேலையைக் குறைப்பதைவிட அது மலிவு. அவர்கள் நடத்திய குலுக்கலில் என் பெயர் விழுந்தது. பரிசு, பினாங்கில் நான்கு நாள் போன் இல்லாத முகாம். பதிவு செய்ய ஒரு செயலி, உறுதிச் சீட்டுக்கு ஒரு செயலி, போகும் முன் என் மன அழுத்தத்தை அளக்க இன்னொரு செயலி. போனை விட்டு விலகுவதற்காக என் போனில் மூன்று புதிய சங்கதிகள் குடியேறின.

கிளம்புவதற்கு முன் தகப்பனாக ஒரு கடமையையும் முடித்துவிட்டேன். மகள் யாழினிக்குப் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று இணையத்தில் வரிசையாக நிரப்ப வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். "அப்பா, முதல்ல சிவில் போடுங்க" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். "பார்க்கலாம்" என்றேன். நம் வீடுகளில் அப்பாக்கள் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று யாருக்குத்தான் தெரியாது. அறுபத்திரண்டு தெரிவுகள் நிரப்பினேன். அறுபத்திரண்டும் கம்ப்யூட்டர். வெறும் கம்ப்யூட்டர், செயற்கை நுண்ணறிவு சேர்த்த கம்ப்யூட்டர், தரவு சேர்த்த கம்ப்யூட்டர், வணிகம் சேர்த்த கம்ப்யூட்டர். ஓட்டலில் சாதா, நெய், பொடி என்று பலகையில் எழுதி வைத்தாலும் மாவு ஒன்றுதானே.

உள்ளே போய் அதை மாற்ற வேண்டுமானால் ஓடிபி வரும். அது என் எண்ணுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் சிலிண்டர், வீட்டு வரி, ரேஷன் அட்டை, மனைவி கலாவின் வங்கிக் கணக்கு, மாமியாரின் மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் என் எண்தான். பட்டியல் பூட்டும் நாளும் நான் போனில்லாமல் பினாங்கில் இருக்கும் மூன்றாம் நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று விமானத்தில் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முகாம், ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு பழைய கடைவீட்டில். முன்பக்கம் பார்த்தால் பெட்டிக்கடை அகலம். உள்ளே போனால் ரயில் பெட்டி நீளம். நடத்துபவர் புவனா. கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதுமாக இருந்தவர், இப்போது ஆட்களுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிறார்.

"வாங்க அண்ணே, வெல்கம். ஹேண்ட்போன் குடுங்க லா."

பேச்சோடு 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கமாம். கொடுத்தேன். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, குறுக்கே சங்கிலி சுற்றிப் பூட்டினார். "நாலாம் நாள்தான் தொறப்பேன். அழுதாலும் தொறக்க மாட்டேன், ஓகே?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏற்கெனவே யாரோ அழுதிருக்கிறார்கள் போலிருக்கிறது.

மொத்தம் ஐந்து பேர். அதில் நான் பழகியது சிங்கப்பூர்க்காரர் லிம் ஒருவரோடுதான். பங்குச் சந்தைத் தரகர். முதல் நாள் மாலை வட்டமாக உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தேநீர்க் கரண்டியின் பின்புறத்தை என் கட்டைவிரல் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்ததை லிம்தான் சுட்டிக் காட்டினார். "அதில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை வெளியே விட்டார்கள். எதிர்ச் சாரியிலேயே நாசி கண்டார் என்று சோறும் குழம்பும் விற்கிற ஒரு கடை. உரிமையாளர் ஜமால். நம் ஊர் வழக்கப்படி "பாய்" என்று கூப்பிட்டேன். "இங்க அண்ணேன்னு கூப்பிட்டாலே போதும், நானும் உங்களை அண்ணேங்கிறேன், கணக்கு சரியாப் போச்சு" என்றார். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சோற்றின் மேல் ஐந்து வகைக் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தந்தார். சென்னையில் சாம்பாரும் ரசமும் இலையில் தற்செயலாகக் கலந்துவிட்டாலே முகம் சுளிப்போம். இங்கே கலப்பதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கலவையைத் தின்றபோது இத்தனை வருடம் நான் எதற்கு முகம் சுளித்தேன் என்றிருந்தது.

மேசையில் உணவுப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு கறுப்புக் கட்டம் ஒட்டியிருந்தது. போனால் படம் பிடித்தால் விலை தெரியும். போன் இல்லை என்று விளக்கினேன். ஜமால் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தொலைச்சிட்டீங்களா?" "இல்ல, பூட்டி வச்சிருக்காங்க." "யாரு, போலீஸா?" என்றார்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மௌன தியானம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். அலமாரி மேலிருந்து டின் உறும ஆரம்பித்தது. என் போன்தான். ரத்த அழுத்த மாத்திரைக்கான அலாரம் அது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நினைவூட்ட எனக்கு வேறு ஆளில்லை. நான் கண்ணைத் திறந்தேன். புவனா "நோ" என்று தலையாட்டினார். அவருடைய போன் மட்டும் முக்காலியில் நின்று எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "ஸ்மைல் பண்ணாதீங்க அண்ணே, நேச்சுரலா ரிலாக்ஸ் ஆகுங்க லா" என்று வாயசைத்தார். போனில்லாத எங்கள் நிம்மதியை மணிக்கொரு தரம் முகாமின் இணையப் பக்கத்தில் போடுகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. டின் உறுமி ஓய்ந்தது. மாத்திரை போடவும் மறந்துபோனேன்.

லிம்முக்கு வயிறு சரியில்லை என்று அரை மணிக்கொரு தரம் கழிவறைக்குப் போனார். ஒரு தடவை நான் வெளியே காத்திருந்தபோது உள்ளே அவர் கிசுகிசுத்தது கேட்டது. "வித்துடு, வித்துடு, இப்பவே வித்துடு" என்று ஆங்கிலத்தில். இரண்டாவது போன் கொண்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை?

மதியத்துக்குமேல் ஓய்வு நேரம். ஊர் சுற்றப் போனேன். ஒரு சந்தில் சுவரோவியத்தின் முன் நீண்ட வரிசை. வரிசை என்றால் நமக்குக் கால் தானாகப் போய் நிற்கும், நின்றேன். இருபது நிமிடம் வெயிலில் நகர்ந்து முன்னால் வந்த பிறகுதான் உறைத்தது, இது படம் எடுக்கிற வரிசை. என் கையில் எதுவும் இல்லை. சரி, வந்தது வந்தோம் என்று ஓவியத்தைக் கண்ணால் பார்த்தேன். பின்னால் நின்ற பெண் பொறுமை இழந்து, "உங்களுக்கு என்ன வேண்டும், சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். அவர் தன் கணவனிடம் திரும்பி ஏதோ சொல்ல, கணவர் என்னை ஓரமாக நகர்த்தி நிறுத்தினார்.

மலைப் பக்கம் போகலாமென்று பேருந்து ஏறினேன். சில்லறையைச் சரியாகப் போட வேண்டும், மீதி கிடையாது. என்னிடமிருந்த தாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சென்னைப் பேருந்தில் பக்கத்து ஆளிடம் கேட்டால், அவர் அடுத்தவரிடம் கேட்டு, கடைசியில் பேருந்தே சேர்ந்து நம்மை இறக்கிவிடும். இங்கே எல்லோர் காதிலும் செவிப்பொறி. யாரிடம் கேட்பது? மலை வரவே இல்லை. கட்டடங்கள் தட்டையாகி, வேலிகள் நீண்டு, கடைசியில் இறங்கிய இடம் பாயான் பாரு. மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம். போனுக்குப் பயந்து ஓடி வந்தவன், அதன் குடலையும் ஈரலையும் செய்கிற இடத்தில் போய் நின்றேன்.

வேலை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிறுத்தத்தில் சீருடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் தமிழ்ச் சாயல் தெரிந்தது. டத்தோ கிராமாட்டுக்கு எந்தப் பேருந்து என்று கேட்டேன்.

"பஸ் லேட்டாகும் அண்ணே. ஹேண்ட்போன்ல காடி கூப்பிட்டுப் போக வேண்டியதுதானே?"

கார் என்பதைத்தான் இங்கே காடி என்கிறார்கள். என் கதையைச் சொன்னேன். மன அழுத்தம், முகாம், டின், சங்கிலி. அவர் தன் போனிலிருந்து முழுதாகக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நாங்க டெய்லி பன்னண்டு மணி நேரம் ஹேண்ட்போன லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள போறோம். அதுக்கு எங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. நீங்க சம்பளம் இல்லாமலா செய்றீங்க?"

"இது ஓய்வும்மா."

"ஓ" என்றார். "அப்ப எனக்கு வருஷம் பூரா ஓய்வுதான்லா."

சரியான பேருந்தில் ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே மணி இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே ஏழரை ஆனால் அங்கே ஐந்து, பட்டியல் பூட்டிவிடும், பெண்ணின் எதிர்காலம் பத்திரமாகிவிடும். மதியம் தெருமுனையில் செண்டோல் வாங்கிக் குடித்தேன். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சைப் புழுக்கள் மாதிரி நெளிகிற மாவும். வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

மாலை ஆறரைக்கு மௌன நடை பயின்றுகொண்டிருந்தோம். புவனா தன் போனைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். என்னிடம் வந்து திரையைக் காட்டினார். முந்தைய நாள் காலை நான் கண் மூடி உட்கார்ந்திருந்த படம். கீழே "உள்ளொளி" என்றோ என்னவோ எழுதியிருந்தார். அதன் கீழே யாழினியின் பின்னூட்டம்: "இவர் என் அப்பா. தயவுசெய்து இவரைக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். ஓடிபி வேண்டும். இன்று ஐந்து மணிக்குள். என் படிப்பு." அதற்குக் கீழே முன்பின் தெரியாத பல பேர், "கண்ணைத் திறங்கள் அப்பா" என்று எழுதியிருந்தார்கள்.

"மத்தியானத்துல இருந்து மெசேஜும் போட்டிருக்கா அண்ணே. நான் மெசேஜ் பாக்கிறதில்ல, கமெண்ட் மட்டும்தான்" என்றார் புவனா. முகம் வெளுத்திருந்தது. "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. வாங்க, தொறக்கிறேன்."

சங்கிலியை அவிழ்த்தார். அந்த வீட்டின் தடித்த சுவருக்குள் என் இந்திய எண்ணுக்கு சிக்னலே வரவில்லை. வெளியே ஓடினோம். ஜமால் கடை வாசலில்தான் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. புவனாவின் போனில் யாழினியைக் கூப்பிட்டு, கடை இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் என் போன். சாப்பிட வந்தவர்கள் தட்டோடு ஒதுங்கி இடம் கொடுத்தார்கள்.

"அப்பா, கேக்குதா? அம்மா கேஸ் பில் தேடறப்ப ஃபிரிட்ஜ் மேல ஒரு பிரிண்ட் அவுட் கெடச்சுது."

"எந்தப் பிரிண்ட் அவுட்?"

"அறுபத்திரண்டு."

என் போனில் அந்த ஒரு கோடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அதுல ஒரு சிவில்கூட இல்லையேப்பா. முதல்ல போடச் சொன்னேன். கடைசியிலகூடப் போடலையே."

"சிவில் படிச்ச நாலு பசங்க என்கிட்டதாம்மா வேலைக்கு வந்து பில்லிங் மெஷின் பாத்துட்டிருக்காங்க. வேலை இருக்கிற படிப்பாப் பாத்துத்தான் போட்டேன்."

"அந்த வேலையில நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"இருபத்து மூணு வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு, அதுல இருந்து நாலு நாள் தப்பிக்கக் கடல் தாண்டி ஓடியிருக்கீங்க. அங்க நீங்க கண்ணை மூடி உக்காந்திருக்கிற போட்டோவை நாங்க எல்லாரும் பாத்தோம். என்னையும் அதே நாற்காலியிலதான் உக்கார வைக்கணுமாப்பா?"

கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். மீதிப் பேருக்கு விஷயம் புரிந்தது. பின்னாலிருந்து கலாவின் குரல், "மணி நாலு பத்து ஆச்சுங்க" என்றது.

"ஓடிபி அனுப்பச் சொல்லியிருக்கேன்பா. வந்ததும் சொல்லுங்க."

முதல் தடவை வந்தது செத்துப்போன ஓடிபி. சிக்னல் சுற்றி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அவள் மறுபடி அனுப்பினாள். இந்த முறை உடனே வந்தது. ஆறு எண்கள், திரையின் மேல் ஓரத்தில், தெளிவாக. நான் அவற்றைப் படித்தேன். பிறகு, "இன்னும் வரலம்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலைந்து தடவை வரவில்லை என்று சொன்னால் போதும். மணி ஐந்தாகிவிடும். பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். நான் கெட்டவனாக வேண்டியதில்லை. பழியெல்லாம் மலேசிய சிக்னலுக்குப் போய்விடும்.

"வந்துருச்சே அண்ணே!" என்றார் ஜமால், என் தோளுக்கு மேலிருந்து. "இந்தா, மேலயே தெரியுதே. நாலு, ஒம்பது..."

அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. போனைப் பார்க்கத் தெரியாமல் தவிக்கும் ஒரு வெளியூர் ஆளுக்கு உதவினார். புவனா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் கடகட ஓசையை எனக்குத் தெரியும், ஆள் வைத்துச் சரி செய்ய வேண்டுமென்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"சொல்லுங்கப்பா" என்றாள் யாழினி.

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக. அவள் தட்டுவது கேட்டது. சிறிது நேரம் ஆயிற்று. எத்தனையாவது இடத்தில் எதை வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு, "இன்னொண்ணு வரும். அதையும் சொல்லிடுங்க" என்றாள்.

வந்தது. பதிவு செய்த கைபேசி எண்ணை மாற்றுவதற்கான ஓடிபி. யாரிடமும் பகிர வேண்டாம் என்ற வழக்கமான எச்சரிக்கையும் இருந்தது. அதையும் வாசித்தேன்.

"சரிப்பா. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று வைத்துவிட்டாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"சாப்பிடுங்க அண்ணே, எல்லாம் சரியாப் போயிரும்லா" என்று ஜமால் தட்டை முன்னால் வைத்தார். ஐந்து குழம்பும் இருந்தன. சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். மன அழுத்தத்திலிருந்து விடுபட்டவர் என்று என் பெயரை எழுதியிருந்தார்கள். லிம் கைதட்டல் முடிவதற்குள் கழிவறைக்குப் போய்விட்டார். முகாமின் வழக்கப்படி புவனா கடைசியாக ரத்த அழுத்தமும் பார்த்தார். நூற்று எழுபது. இயந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு. அதை மட்டும் அவர் இணையப் பக்கத்தில் போடவில்லை.

ஊர் திரும்பியதும் போன் பழையபடி என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த வாரமே கலா சிலிண்டருக்குத் தன் எண்ணைக் கொடுத்துவிட்டாள். பிறகு வங்கிக்கு. பிறகு தன் அம்மாவின் காப்பீட்டுக்கு. "உங்களுக்கும் தொந்தரவு இல்ல பாருங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் கடைசியாக ஒரு ஓடிபி எனக்கு வந்தது, நான் சொன்னேன். மாத்திரையை இப்போதெல்லாம் நேரத்துக்குப் போடுகிறேன். யாழினி வழக்கம்போல் பேசுகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். கலந்தாய்வு முடிவு இனி என் எண்ணுக்கு வராது, என்னாயிற்று என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் மதியம், அலுவலகத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது கலாவின் தம்பி போன் செய்தான்.

"வாழ்த்துகள் மாமா!" என்றான்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.